காசி யாத்திரையும் முதல் ரவுண்டும்

எங்கள் அத்திம்பேர் சாம்பசிவன் பிறந்தது முதல் யாரையும் அடித்ததில்லை. அடிக்கிற உடம்பும் அவருக்கு இல்லை. இடவப்பாதி மழையில் குடையோடு புறப்பட்டால் சில நாள் குடைதான் அவரைக் கூட்டிக்கொண்டு போகும். இப்படிப்பட்டவர்தான் திருவனந்தபுரம் கோட்டைக்குள், உலகத்து ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரர்களில் எவன் சிறந்தவன் என்று தீர்ப்புச் சொல்கிற அதிகாரியாக இருந்தார். யார் நியமித்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். எங்கள் தெருவில் யாருடைய வாய் கடைசியாக மூடுகிறதோ அவர்தான் அதிகாரி.

சாலைக் கடைத்தெருப் பக்கம் ஓர் அச்சுக்கூடத்தில் அவருக்குப் புரூப் பார்க்கிற வேலை. காலை முதல் மாலை வரை பிறத்தியார் பண்ணின தப்புகளைத் தேடிப் பிடித்து ஓரத்தில் கோடு போடுவதற்குச் சம்பளம். கெட்ட பழக்கம் அது. வீட்டுக்கு வந்தாலும் நிற்காது. சாம்பாரில் தப்பு, பஞ்சாங்கத்தில் தப்பு, நான் வேஷ்டி கட்டுவதில் தப்பு. என் அக்கா வாலாம்பாள் கல்யாணமாகி வந்த நாள் முதல் உப்பைச் சரியாகத்தான் போட்டு வந்தாள். ஒரு நாளாவது பேர் வாங்கினதில்லை. நான் அவளுடைய தம்பி, தாணுமாலயன். சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா, பிரம்மசாரி. அந்த வீட்டு மாடி அறையில் இருந்ததால் இதையெல்லாம் கேட்டுத் தொலைக்க வேண்டி வந்தது.

1936 ஆனி மாதத்தில் நியூயார்க்கில் ஒரு சண்டை நடந்தது. ஜோ லூயிஸ் என்று அமெரிக்காவில் ஒரு கறுப்பு வாலிபன். பந்தயத்தில் அதுவரை தோற்றே அறியாதவன். அவனை மாக்ஸ் ஷ்மெலிங் என்கிற ஜெர்மானியன், வயசில் மூத்தவன், பன்னிரண்டாவது ரவுண்டில் விழத்தட்டிவிட்டான். மதராஸ் பேப்பர் ரெயிலில் வந்து சேர்ந்ததும் அத்திம்பேர் வாசித்தார். லூயிஸ் இடது கையால் குத்திவிட்டுத் திரும்ப இழுக்கும்போது அந்தக் கையைக் கொஞ்சம் தாழ்த்திவிடுகிறானாம். ஷ்மெலிங் அதை முன்கூட்டியே கவனித்து வைத்திருந்து, அந்தச் சந்தில் தன் வலது கையை விட்டானாம். அத்திம்பேர் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், தன் அப்பா போனபோதுகூட மனிதர் அப்படி உட்காரவில்லை.

“தாணு, பார்த்தியா? பலத்தாலே அடிக்கலை. தப்பைப் பார்த்துட்டு அடிச்சிருக்கான். நம்ம உத்தியோகமாக்கும் அது” என்றார்.

அன்று முதல் ஷ்மெலிங் எங்கள் வீட்டு மனிதன்.

எதிர்க்கட்சிக்கு வக்கீல் கல்யாணராமன். அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருந்தார். நல்ல ஆகிருதி, நல்ல தொண்டை. இருவரும் விடியற்காலையில் பத்மதீர்த்தக் குளத்துக்குக் குளிக்கப் போவார்கள். விவாதம் அங்கே, இடுப்பளவு தண்ணீரில் நடக்கும்.

“ஓய் சாம்பசிவம், நம்ம நிறத்திலே ஒருத்தன் கிளம்பி வரிசையா அத்தனை பேரையும் அடிச்சுப் போடறான். அதைப் பார்த்துச் சந்தோஷப்படாம ஹிட்லர் ஊர்க்காரனைத் தூக்கி வச்சுண்டு ஆடறீரே!”

“எந்த ஊர்க்காரனா இருந்தா என்ன? உம்ம ஆளுக்கு இடது கை இறங்கறது. இதோ, இப்படி.”

அத்திம்பேர் தண்ணீரில் குத்திக் காட்டுவார். பக்கத்தில் நின்று ஜபம் பண்ணுகிறவர்களின் மூக்கில் தண்ணீர் ஏறும்.

“கீழ்க் கோர்ட்டிலே தோத்தா கேஸ் முடிஞ்சுடுத்தா? அப்பீல் இருக்கு, கேட்டீரா?”

“அடிச்சது அடிச்சதுதான். அப்பீல் கிப்பீல் ஒண்ணும் கிடையாது. மதி, பேசினது போதும், போம்.”

மறு வருஷம் லூயிஸ் பிராடக் என்பவனை அடித்து உலகப் பட்டத்தை வாங்கினபோது வக்கீல் குளத்தில் எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தார். அத்திம்பேரும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, “கை இன்னும் இறங்கறது” என்றார். இரண்டு பேரும் குத்துச்சண்டை என்று ஒன்றை நேரில் பார்த்ததில்லை. பார்த்தவர் எவரும் அந்தக் குளத்தில் குளித்ததும் இல்லை. ஆகவே விவாதத்துக்குத் தடங்கல் ஏற்படவில்லை.

இதெல்லாம் பொழுதுபோக்காகவே போயிருக்கும், சூடாமணி மட்டும் இல்லாவிட்டால்.

சூடாமணி அவர்களுக்கு ஒரே பெண். இண்டர்மீடியட் பாஸ் பண்ணிவிட்டு வீட்டில் இருந்தாள். அக்கா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தாள். பிராடக் கையில் பட்டம் இருந்த காலத்திலேயே ஆலப்புழையிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனின் அப்பா பேப்பர் வாசிக்கிறவர். பேச்சுவாக்கில், லூயிஸும் இல்லை ஷ்மெலிங்கும் இல்லை, பிராடக்தான் சிறந்தவன் என்றார். அத்திம்பேர் சிரித்தார். சாதாரணமாகச் சிரித்தால் போதாதோ? தொடையைத் தட்டிச் சிரித்தார். வந்தவர்கள் சொஜ்ஜியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அதற்கப்புறம், ‘அந்த ஆத்துப் பெண்ணா? அப்பா சிரிச்சே அனுப்பிச்சுடுவாரே’ என்று ஊரில் பேச்சாகிவிட்டது. ஒரு வருஷத்துக்கு வரன் என்று ஒன்று தெருவில் தலை காட்டவில்லை.

பிறகு வக்கீலின் பிள்ளை அனந்தபத்மநாபன் தன் வீட்டில் தானே வாய் திறந்தான். பண்ணிக்கொண்டால் சாம்பசிவன் மாமாவின் பெண்தான் என்றானாம். அவன் வாய் திறந்ததே அதிசயம். சர்வே ஆபீசில் வேலை. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து எல்லை வரைக்கும் நடந்து நடந்து அளந்தவன். சங்கிலியின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்துப் பிடி என்றால், விடு என்கிற வரைக்கும் மழையானாலும் அட்டையானாலும் பிடித்துக்கொண்டே நிற்பான் என்று அவனோடு வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள். இதை ஒரு நல்ல குணமாகத்தான் சொன்னார்கள்.

சூடாமணி மாடிப்படியில் என்னை மடக்கினாள்.

“மாமா, இது ஒண்ணாவது நடக்கணும். அப்பா இதையும் கெடுத்துட்டா நான் வேற யாருக்கும் கழுத்தை நீட்ட மாட்டேன். சொல்லிட்டேன்.”

பெண்கள் அப்படிச் சொல்வது உண்டு. ஆனால் இவள் அழாமல் சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

நிச்சயதார்த்தத்தன்று அக்கா தாம்பூலத் தட்டைக் கொண்டுவந்து இரண்டு சம்பந்திகளுக்கும் நடுவில் வைத்தாள். “தாலி ஏறற வரைக்கும் அந்த ரெண்டு தடியன்கள் பேரும் இந்த ரெண்டு ஆத்திலேயும் கேட்கப்படாது. தட்டைத் தொட்டுச் சொல்லுங்கோ” என்றாள். இருவரும் தொட்டார்கள். சாஸ்திரிகள் பஞ்சாங்கத்தைப் பார்த்து, “1938 ஜூன் இருபத்துமூணு, ஆனி ஒன்பது, வியாழக்கிழமை காலம்பர முகூர்த்தம். இதை விட்டா அப்புறம் ஆடி வந்துடும்” என்றார். இருவரும் ஒரே குரலில் “பேஷ்” என்றார்கள். பந்தலுக்கு எத்தனை கால் என்பதில்கூட ஒத்துப்போகாதவர்கள் அவர்கள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் அத்திம்பேர் என்னைச் சமையல்கட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தை அவிழ்த்தார். லூயிஸும் ஷ்மெலிங்கும் மறுபடி மோதுகிறார்கள். நியூயார்க்கில் புதன்கிழமை இரவு. நமக்கு அது வியாழக்கிழமை காலை. தாலி ஏறி வாய் திறக்கலாம் என்கிற நேரத்தில் தீர்ப்பும் கையில் இருக்கும் என்றுதான் இரண்டு பேரும் அன்றைக்கு பேஷ் போட்டிருக்கிறார்கள்.

“அட கஷ்டமே! தட்டைத் தொட்டேளே!” என்றேன்.

“பேரைச் சொல்ல மாட்டேன்னுதானே தொட்டேன்? சொல்லப் போறதில்லை. கேளு. நம்ம அச்சுக்கூடத்திலே ராஜையன் இருக்கானோன்னோ, அவன் மச்சான் தைக்காட்டிலே ஒரு டாக்டர் பங்களாவிலே சமையல். அங்கே ரேடியோ இருக்கு. ராஜையன் ஜன்னலுக்குக் கீழே நின்னு கேட்டுட்டு சைக்கிள்ளே வந்து கொல்லைப்புறம் நிப்பான். ஒரு வார்த்தை பேச மாட்டான். என் ஆள் ஜெயிச்சா வலது கையைத் தூக்குவான். மத்தவன்னா இடது கை. போன தடவை பன்னிரண்டு ரவுண்டு ஆச்சு. இந்தத் தடவை பதினைஞ்சும் போகும். அதுக்குள்ளே காசி யாத்திரை, மாலை மாத்தல், ஊஞ்சல் எல்லாம் ஆயிடும். நான் கை அலம்பறாப்பலே போய்ப் பார்த்துட்டு வந்துடுவேன்.”

கணக்கில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. தப்புப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கிற அவருக்கும் தெரியவில்லை.

வியாழக்கிழமை விடிந்தது. காசி யாத்திரைக்கு மாப்பிள்ளை தயாரானான். பஞ்சகச்சம், குடை, கைத்தடி, விசிறி, கண்ணில் மை. இனிமேல் சம்சாரம் வேண்டாம், காசிக்குப் போகிறேன் என்று அவன் புறப்படவேண்டும். நாலு வீடு தாண்டுவதற்குள் பெண்ணின் அப்பா தேங்காயோடு ஓடிவந்து, கையைப் பிடித்து, காசிக்குப் போகவேண்டாம், என் பெண்ணைத் தருகிறேன், வாருங்கள் என்று திருப்பிக் கூட்டிவர வேண்டும். பெண்ணுக்கு அண்ணன் தம்பி இருந்தால் அவர்களும் செய்யலாம். சூடாமணிக்கு இல்லை. சாஸ்திரிகள் அவனிடம், “பெண்ணோட அப்பா வந்து கையைப் பிடிக்கற வரைக்கும் திரும்பிப் பார்க்கப்படாது” என்று சொல்லிவிட்டு ஹோம குண்டத்தைக் கவனிக்கப் போய்விட்டார். யாரிடம் சொல்கிறோம் என்று அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

நாகஸ்வரம் கிளம்பியது. மாப்பிள்ளை நடந்தான். நாலு வீடு தாண்டினான். எட்டு வீடு தாண்டினான். நான் திரும்பிப் பார்த்தேன். அத்திம்பேரைக் காணோம். வக்கீலையும் காணோம். தெருமுனையும் வந்துவிட்டது.

“மாப்பிள்ளே, கொஞ்சம் நில்லுங்கோ” என்று நான் ஓடினேன்.

“மாமா, நீங்க கூப்பிட்டா நான் திரும்பப்படாது” என்றான் மரியாதையாக. நடை குறையவில்லை.

மேளக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை திரும்புகிற வரைக்கும் வாசிக்க வேண்டியது அவர்கள் வழக்கம். வாசித்துக்கொண்டே வந்தார்கள். கிழக்கே கோட்டை வாசலைத் தாண்டினோம். கூட வந்த பையன் ஒருவனை வீட்டுக்குத் தகவல் சொல்ல ஓட்டினேன். பழவங்காடிப் பிள்ளையாரிடமாவது நிற்பான் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. நின்றான். தலையில் குட்டிக்கொண்டு, மூன்று தோப்புக்கரணம் போட்டுவிட்டு, மறுபடி நடந்தான். பிள்ளையாரும் கைவிட்டார். தேங்காய்க்கடைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, “கல்யாணமல்லே? பெண்ணு எவிடே?” என்று கேட்டார். பெண் எங்கே என்று இனி ஊரே கேட்கப்போகிறது. மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது.

தம்பானூர் ஸ்டேஷன் கண்ணில் பட்டதும் நான் ஓடிப்போய் அவனுக்கு இணையாக நடந்தேன்.

“ஏன்டாப்பா, நிஜமாவே காசிக்கா?” என்று கேட்டேன். மாப்பிள்ளை மரியாதையெல்லாம் பழவங்காடியோடு போய்விட்டது.

அவன் முன்னால் பார்த்தபடியே சொன்னான்.

“முன்னே ஒருத்தரைச் சிரிச்சு அனுப்பினவர், மாமா. என்னைச் சிரிக்காம அனுப்பறாரோ என்னமோ. வேண்டாதவன் ஆத்துக்குள்ளே நானா எப்படித் திரும்பி நடக்கறது? வேணும்னா வந்து கூப்பிடட்டும்.”

அவன் கண்ணில் மை கரைந்திருந்தது. எனக்கு அத்திம்பேர் மேல் அப்போது வந்த கோபத்தை இங்கே எழுதுவதற்கில்லை.

கொல்லைப்புறத்தில் நடந்ததை ராஜையன் எனக்குப் பிறகு சொன்னான். மார்த்தாண்டம் பக்கத்துக் கிறிஸ்தவன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். பொய் சொல்ல மாட்டான். மாப்பிள்ளை குடையை விரித்த அதே நேரத்தில் இவன் சைக்கிளைக் கிணற்றடியில் சாத்தியிருக்கிறான். அத்திம்பேர் தேங்காயும் கையுமாக வாசலுக்குப் போகிறவர், இவன் தலையைக் கண்டதும் கொல்லைக்குத் திரும்பிவிட்டார். ராஜையன் இடது கையைத் தூக்கினான்.

“என்னடா விளையாடறே? இப்பத்தானே ஆரம்பிச்சிருப்பான்?”

பேசக்கூடாது என்ற ஏற்பாட்டை ராஜையனால் காப்பாற்ற முடியவில்லை. “சாரே, முடிஞ்சுபோச்சு. நான் மூக்கச் சிந்திட்டு நிமிருததுக்குள்ள முடிஞ்சுபோச்சு. மொத ரவுண்டாக்கும்.”

“முதல் ரவுண்டா? சரியாக் கேட்டியா? ரேடியோவிலே தப்பாச் சொல்லியிருப்பான். என்ன சொன்னான், வார்த்தைக்கு வார்த்தை சொல்லு.”

“ஒரே இரைச்சலாக்கும் கெடந்தது, சாரே. ஒருத்தன் கத்துனான். பொறவு டாக்டரு கை தட்டினாரு.”

“டாக்டர் கை தட்டினா அது ருஜுவாயிடுமா?”

“ஆகும்” என்று கிணற்றுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வக்கீல் கல்யாணராமன் அங்கே நின்றுகொண்டிருந்தார். அவரும் கை அலம்பத்தான் வந்தாராம். அப்புறம் என்ன? பேரைச் சொல்லாமலே மூவரும் வாதாடினார்கள். ‘அவன்’, ‘மத்தவன்’, ‘அந்தக் கை’. சத்தியத்துக்குப் பங்கமில்லை. வாசலில் நாகஸ்வரம் தேய்ந்து தேய்ந்து தூரத்தில் போனது மூவர் காதிலும் ஏறவில்லை.

ஏறின காது ஒன்று உண்டு. மணப்பெண் அந்த நேரத்தில் அறையைவிட்டு வெளியே வரக்கூடாது. சூடாமணி மாலையும் கூறைப்புடவைத் தட்டும் அப்படியே கிடக்க, கிணற்றடிக்கு வந்து நின்றாள்.

“அப்பா, அவர் கோட்டை வாசலைத் தாண்டியாச்சாம்.”

அத்திம்பேருக்குப் புரியவில்லை. “எவர்?” என்றார்.

“உங்க மாப்பிள்ளை. நீங்க கூப்பிடலை. அவர் போயிண்டே இருக்கார்” என்றாள். பிறகுதான் அவள் குரல் உடைந்ததாம். “சாம்பார்லே, பஞ்சாங்கத்திலே, ஊரான் பிள்ளையிலே எல்லாம் தப்புக் கண்டுபிடிச்சேளே. இது தப்பா இல்லையா, இதைச் சொல்லுங்கோ.”

அத்திம்பேர் மகளைப் பார்த்தார். கையிலிருந்த தேங்காயைப் பார்த்தார். பிறகு ராஜையனின் சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்தார். மடி, ஆசாரம், பஞ்சகச்சம் ஒன்றையும் யோசிக்கவில்லை. “மிதிடா” என்றாராம்.

ஸ்டேஷனில் கொல்லம் வண்டி புகைவிட்டுக்கொண்டு நின்றது. அனந்தபத்மநாபன் பிளாட்பாரத்துக்குள் போனான். நான் மேளக்காரர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு அவன் பின்னால் ஓடினேன். அவன் வண்டிப் பக்கம் திரும்பவே இல்லை. எதிர்ப்பக்கமாக, தண்டவாளம் முடிந்து கட்டை போட்டிருக்கிற இடத்துக்குப் போய் நின்றான். அந்த நாளில் ரெயில் பாதை தம்பானூரோடு சரி. அதற்கு மேல் புல்தான். நாடு பூராவும் அளந்தவனுக்கு அது தெரியாதா? அங்கே நின்று புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் போகிறவன் இல்லை, கூப்பிடுவதற்குக் காத்திருக்கிறவன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சைக்கிள் பிளாட்பாரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. டிக்கெட் கலெக்டர் ஒருவர் கத்திக்கொண்டே பின்னால் வந்தார். அத்திம்பேர் இறங்கினார். குடுமி அவிழ்ந்து தோளில் கிடந்தது. கேரியரில் வந்தவருக்கு மிதித்து வந்தவனைவிட அதிகமாக மூச்சு வாங்கியது. சொல்லவேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு. சாஸ்திரிகள் அவரிடம் சொல்லிவைத்திருந்தார். அது மறந்துபோய்விட்டது. அவர் போய் அனந்தபத்மநாபனின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தேங்காய் கீழே விழுந்து உருண்டது.

“எனக்குக் கை இறங்கிடுத்து, மாப்பிள்ளே” என்றார்.

அந்த வார்த்தையின் அருமை வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. வக்கீல் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். இரண்டு வருஷமாகக் குளத்தங்கரையில் அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தான்? திரும்பி அவரைப் பார்த்தான்.

“தப்பு என்னோடது. சூடாமணிக்கு நீங்கதான் வேணும். எனக்கும் நீங்கதான் வேணும். வாங்கோ, ஆத்துக்குப் போகலாம்.”

அவரைத் தெரிந்த இத்தனை வருஷத்தில் தப்பு என்னோடது என்று அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அழுதுவிட்டேன், மறைப்பானேன். மாப்பிள்ளை குடையை மடக்கினான். டிக்கெட் கலெக்டருக்கு ராஜையன் என்னவோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தான்.

முகூர்த்தம் தப்பவில்லை. மாப்பிள்ளை திரும்பி நடந்த வேகத்துக்கு மேளக்காரர்கள் ஈடுகொடுக்க முடியாமல் ஜட்காவில் வந்தார்கள். மாலை மாற்றலுக்குச் சூடாமணியை நான் தோளில் தூக்கினேன். இடுப்பு இன்றுவரை சரியாகவில்லை. அது வேறு கதை. தாலி ஏறியது.

தாலி ஏறினதும் சத்தியம் தீர்ந்தது. வக்கீல் கல்யாணராமன் எழுந்து, அங்கவஸ்திரத்தைச் சரிபண்ணிக்கொண்டு அத்திம்பேர் எதிரில் வந்து நின்றார். இரண்டு வருஷமாகச் சேர்த்துவைத்த வாதம் அவர் தொண்டைவரைக்கும் வந்திருந்தது; பார்த்தாலே தெரிந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் அத்திம்பேர் முந்திக்கொண்டார்.

“லூயிஸ்தான்.”

“என்ன?”

“பெஸ்ட் லூயிஸ்தான்னேன், சம்பந்தி. தப்பைக் கண்டுபிடிக்கறது என்ன பிரமாதம்? அதுக்கு நான்கூடச் சம்பளம் வாங்கறேன். பண்ணின தப்பைத் திருத்திண்டு மறுபடி வந்து நின்னான் பாருங்கோ, அவன்தான்.”

வக்கீல் அப்படியே ஜமக்காளத்தில் உட்கார்ந்துவிட்டார். ஜெயித்த மனிதரின் முகம் அவ்வளவு வாடி நான் பார்த்ததில்லை.

“அப்போ நாளைக்குக் குளத்திலே நாம என்ன பேசறது?” என்று கேட்டார், சின்னக் குரலில்.

அன்று சாயங்காலம் சூடாமணி புக்ககத்துக்குக் கிளம்பினாள். நாலு வீடு தள்ளித்தான். வண்டி வேண்டாம் என்று நடந்தே போனார்கள். அத்திம்பேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனார். வாசற்படி வந்தது. ஆரத்தி எடுத்தாயிற்று. எல்லாரும் உள்ளே போகக் காத்திருந்தார்கள்.

“அப்பா, கையை விடுங்கோ” என்றாள் சூடாமணி மெதுவாக.

“விடறேன், விடறேன்” என்றார் அத்திம்பேர். விடவில்லை.